பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்

மார்ச் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். இப்போதைக்கு அது உனக்குக் கிடையாது.

உன் போன் நேற்றிலிருந்து பதினொரு தடவை அடித்துவிட்டது. எடுக்க மாட்டேன். போனில் உன்னோடு பேசினால் பத்தாவது நிமிடம் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நடக்கிறது. உன் நாக்கில் தேன் ஒழுகும். தாளில் ஒழுகாது. அதனால் இனிமேல் எதுவானாலும் எழுது. எழுதினால் திரும்பத் திரும்பப் படிக்கலாம், பொய் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு போடலாம்.

நவம்பர் மாதம் என் தலையில் கட்டினாயே ஒரு வெள்ளைக் கார், அது நேற்று மேம்பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டது. இது மூன்றாவது தடவை. முதல் தடவை நின்றபோது "பேட்டரி டெர்மினல் லூஸா இருக்கும்க்கா, ஒரு தட்டு தட்டு" என்றாய். தட்டினேன். இரண்டாவது தடவை "பெட்ரோல்ல தூசிக்கா, எல்லா வண்டியிலும் வர்றதுதான்" என்றாய். அதையும் நம்பினேன். நேற்று என் பின்சீட்டில் ஐஸ் பெட்டிக்குள் பதினாறு பேருடைய ரத்தம் இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களிடம் எடுத்த ரத்தம். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போயாக வேண்டும். வேறு வண்டி பிடித்திருக்கலாமே என்பாய். பாலத்தின் மேல் எவன் நிறுத்துவான்? பின்னால் நின்ற அத்தனை வண்டிக்காரனும் ஹாரன் அடித்துக்கொண்டே என் ஏழு தலைமுறையையும் விசாரித்தான். அதில் நீயும் உண்டு என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

பதினாறும் வீணாகிவிட்டது. அதில் ஒரு பெரியவர். நரம்பே கிடைக்காமல் இரண்டு கையிலும் ஐந்து இடத்தில் குத்தித்தான் நேற்று எடுத்தேன். இன்று மறுபடியும் போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். "என்னம்மா, நேத்து எடுத்த ரத்தம் பிடிக்கலையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதின்மூன்று வருடமாக வெளியே போய் ரத்தம் எடுக்கிறவள் நான். இன்று மத்தியானம் லேப் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வண்டி சரியாகிற வரைக்கும் கவுன்டர்ல உட்காருங்க" என்றார். இப்போது குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் வழித்தடத்தை நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள்.

வேலை முடிந்து வண்டியை உன்னிடம் கொண்டுவரவில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் தடித்த கண்ணாடி போட்ட மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அவர் முன்சீட்டைக் கழற்றி, கீழே விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல், இரண்டு விரல் கனத்துக்கு. "இதுல கீரை போடலாம்மா" என்றார். அப்புறம் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். நாம் கட்டும்போது வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில், குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. "தண்ணி நின்ன இடம் இது. இந்த வண்டி கழுத்து வரைக்கும் முங்கியிருக்கு. ஒயர் சாக்கெட் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. ஆறிக் கிடந்தா கிளம்பத் திணறும், ஓடும்போது திடீர்னு நிக்கும். யாரும்மா உங்களுக்கு இதை வித்தது?"

என் கூடப்பிறந்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குப் பணம் வேண்டாம். வேறு கார் வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தையில் பதில் எழுது. இந்தக் கார் தண்ணீரில் மூழ்கியது என்று எனக்கு விற்கும்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு (நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்),

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நம்பாவிட்டால் உன் தம்பி பெண்டாட்டியைக் கேள்.

முதலில் ஒன்று சொல்கிறேன். பழைய கார் என்பது பழைய கார்தான். யாரோ ஓட்டி, யாரோ இடித்து, யாரோ அழுது, கடைசியில் நம்மிடம் வருகிறது. அதன் கதை முழுவதும் யாருக்குத் தெரியும்? நான் அதை ஏலத்தில் எடுத்தேன். எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், "ஒரே ஓனர், டாக்டர், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் ஓட்டினார்" என்று சத்தியம் செய்தான். டாக்டர் வண்டி என்றதும் என் மனதில் முதலில் வந்தது நீதான். ரத்தம் எடுக்கிறவளுக்கு டாக்டர் வண்டி, எவ்வளவு பொருத்தம் என்று நினைத்தேன்.

அந்த மெக்கானிக் சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றாமல் விட்டால்கூட உள்ளே ஈரம் இறங்கும். அடுத்தவன் விற்ற வண்டி என்றால் எந்த மெக்கானிக்கும் நாலு குறை கூட்டித்தான் சொல்வான். நானாக இருந்தாலும் சொல்வேன்.

நீயும் பார்த்துத்தானே வாங்கினாய்? கதவைத் திறந்து மூடினாய், ரேடியோவைப் போட்டாய், ஒரு ரவுண்டு ஓட்டினாய். "நல்லா இருக்குடா" என்று நீதான் சொன்னாய்.

வண்டியைக் கொண்டுவந்து விடு. ஒயரிங் முழுவதும் மாற்றித் தருகிறேன், என் செலவில். வேண்டாமா, விற்பனைக்கு என் யார்டில் சாம்பல் நிறக் கார் ஒன்று நிற்கிறது, அதை எடுத்துக்கொள். அக்கா தம்பிக்குள் தெரியுமா தெரியாதா என்று கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்டால் நான் என்ன சொல்ல? தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா? நீயே யோசித்துப் பார்.

அன்புடன்
தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒன்பது சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. இத்தனை வரி எழுதி 'தெரியாது' என்ற வார்த்தையை மட்டும் எழுதாமல் சுற்றி வந்திருக்கிறாயே, அடேயப்பா! பொய்யைக்கூட நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லையா உனக்கு?

நானும் பார்த்துத்தான் வாங்கினேன் என்கிறாய். பார்த்தேன், உண்மைதான். அன்று நான் வந்தபோது பானெட்டின் மேல் கை வைத்தேன், சுட்டது. "காலையில ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்க்கா, வண்டி பட்டு மாதிரி போகுது" என்றாய். இப்போது அந்தக் கண்ணாடிக்கார மெக்கானிக் சொல்லித் தருகிறார். வாங்க வருகிறவர் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆறிப்போன இன்ஜின் முதல் தடவை கிளம்பும்போதுதான் தன் வியாதியைச் சொல்லும். நீ அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தாய். உள்ளே மூன்று வாசனைப் பாக்கெட் தொங்கவிட்டிருந்தாய். ஒரு காருக்கு எதற்குடா மூன்று? அன்றைக்கு "ஆஹா, மல்லிகை வாசம்" என்று சந்தோஷப்பட்டேன் பார், அந்த வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அவரிடம் போய்க் கற்றுக்கொள்கிறேன். புட்டிப் பசை போட்டு அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பெயின்ட் கீறாமல் இருக்க காந்தத்தைப் பழைய சாக்ஸுக்குள் போட்டுத் தடவ வேண்டும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி எங்கேயோ முட்டியிருக்கிறது. ஸ்டெப்னி டயரைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கழுவுகிறவன் மறக்கிற இடம் அதுதான். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கக் கூடாது. பதின்மூன்று வருடம் அடுத்தவர் நரம்பைத் தேடியவளுக்கு இதெல்லாம் ஒன்றும் கஷ்டமாக இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் யார்டு வாசலில் உட்காரப் போகிறேன். வெள்ளைக் காரை இழுத்து வந்து உன் கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் நிறுத்துவேன். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைக் கூரையில் காயப்போட்டு, நான்கு கதவையும் திறந்து வைப்பேன். 'இது இங்கே வாங்கியது' என்று ஒரு அட்டை. அதற்குக் கீழே 'பழைய கார் இலவசமாகப் பார்த்துச் சொல்லப்படும்' என்று இன்னொரு அட்டை.

நீ அந்த ஒரு வார்த்தையை எழுதுகிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நாலு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மனசு குளிர்ந்ததா?

முதல் வாரம் நீ மடக்கு நாற்காலியும் குடையுமாக வந்து உட்கார்ந்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஒரு மணி நேரம் தாக்குப் பிடிப்பாளா என்று பெண்டாட்டியிடம் பந்தயம் கட்டினேன். நீ பாய் விரித்துக் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, டார்ச் அடித்து, "ஐயா, இங்க வெல்டிங் வெச்சிருக்காங்க, வந்து பாருங்க" என்று தெருவே கேட்கும்படி கூவினாய். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வெல்டிங் கம்பெனியிலேயே வைத்தது. சரி, அதை விடு. மீதி மூன்று வாரமும் நீ சொன்னது எல்லாம் சரிதான், அதுதான் எனக்கு எரிகிறது.

போலீஸைக் கூப்பிட்டது நான்தான், மறைக்கவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று சொன்னேன். அவரும் விறைப்பாகத்தான் வந்து இறங்கினார். நீ என்ன செய்தாய்? அவர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்து, "சார், உங்க முன் டயர் உள்பக்கம் கம்பி தெரியுது, இதோட வேகமா போகாதீங்க" என்றாய். அவர் குனிந்து பார்த்தார். கால் மணி நேரம் கழித்து உன் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "உங்க அக்காவா? தங்கமானவங்க" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அக்கா, என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடாதே. யார்டில் பதினொரு வண்டி நிற்கிறது, ஒரு மாதத்தில் ஒன்றுகூட நகரவில்லை. மூலையில் இருக்கிறானே அந்த இன்னொரு யார்டுக்காரன், அவனுக்கு இப்போது திருவிழா. இங்கே வருகிறவன் எல்லாம் உன் பேச்சைக் கேட்டுவிட்டு நேரே அவனிடம் போகிறான். அவனிடம் இருப்பதெல்லாம் என்னிடம் இருப்பதைவிட மோசமான வண்டி, அங்கே போய் நீ படுத்துப் பார்த்தாயா? உனக்கு நியாயம் வேண்டுமா, நான் வேண்டுமா?

உன் தம்பி பெண்டாட்டி என்னோடு பேசுவதில்லை. உனக்கு மட்டும் மத்தியானம் வாசலுக்குச் சாப்பாடு போகிறது. "அண்ணி கேக்கறதுல என்ன தப்பு?" என்கிறாள். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியை உட்கார வைத்துவிட்டாய்.

என்ன செய்தால் போவாய், சொல்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

மனசு குளிரவில்லை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப நன்றாகத் தூங்குகிறேன்.

நான் வேண்டுமா நியாயம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். நீதான் வேண்டும். மூலைக் கடைக்காரன் எனக்குக் காரும் விற்கவில்லை, பாலத்தின் மேல் நிறுத்தவும் இல்லை. நேற்று அந்தப் புதுப் பெண் என் பெரியவரிடம் ரத்தம் எடுக்கப் போய், எட்டு தடவை குத்திவிட்டுக் கிடைக்காமல் திரும்பி வந்தாள். அவர் லேபுக்கே போன் போட்டு என்னைக் கேட்டார். நான் கவுன்டரில் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த எட்டுக் குத்தும் உன் கணக்கில்தான்.

என்ன செய்தால் போவேன் என்கிறாயா? கேட்ட ஒரு வார்த்தையை எழுதினால் போவேன். அது உன்னால் முடியாது என்று தெரிந்துபோய்விட்டது. சரி, இன்னொரு வழி சொல்கிறேன். உன் பதினொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் அந்தந்த வண்டியின் குறையை, உன் கையால், உன் எழுத்தில், பெரிதாக எழுதி ஒட்டு. ஒன்றுகூட விடக் கூடாது. ஒட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இது சத்தியம்.

உன் கையெழுத்து நாறும் என்று தெரியும். புரியும்படி எழுது.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமாக உட்கார்ந்து படி.

நீ சொன்னபடி ஒட்டினேனா இல்லையா? ஏப்ரல் கடைசி வாரம் பதினொரு கண்ணாடியிலும் ஒட்டினேன். 'மூன்றாவது கியர் விழும்போது முனகும்.' 'ஏசி உண்டு, ஆனால் அதற்கு மனசு வந்தால்தான் வரும்.' 'இடது பக்கம் முழுவதும் மறுபடி பெயின்ட் அடித்தது, முட்டியது லாரி.' தெருவில் போகிறவன் எல்லாம் நின்று படித்துச் சிரித்தான். அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. கியர் முனகுகிற வண்டியை ஒருவர், "இவ்வளவு எழுதினவன் வேற எதை மறைக்கப் போறான்?" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அதே வாரத்தில் இன்னும் ஒன்று போனது. எனக்கே வியாபாரத்தின் மேல் ஒரு ஆசை வந்தது.

நீ போய்விடுவேன் என்று சத்தியம் செய்தாய். ஆனால் மே முதல் ஞாயிறு மறுபடி வந்தாய். "சரியா ஒட்டியிருக்கானான்னு பார்க்க வந்தேன்" என்றாய்.

மீதி இருந்த எட்டு வண்டியையும் படித்துக்கொண்டு வந்த நீ நீலக் காருக்கு முன்னால் நின்றாய். அதில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தேன். அது நிஜம். என் யார்டுக்கு இத்தனை வருடத்தில் வந்ததிலேயே சுத்தமான வண்டி அது. அப்போது தையல்காரம்மா ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தைத்த துணியை மூட்டை மூட்டையாகக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட ஒரு வண்டி தேடி வந்தவர். நீ கதவைத் திறந்தாய், சீட்டுக்கு அடியில் கை விட்டாய், விரலில் மண்ணை எடுத்து அவரிடம் காட்டினாய். "தண்ணியில முங்கின வண்டிம்மா. வாங்காதீங்க" என்றாய்.

அது களிமண், அக்கா. முன்னால் வைத்திருந்தவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மண்பொம்மை செய்யச் சொல்லித் தருகிற வாத்தியார். வாரா வாரம் மூட்டையில் களிமண் ஏற்றிப் போன வண்டி. நான் தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னேன். அந்தம்மா என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "கூடப்பிறந்த அக்காவே சொல்றாங்களே" என்று சொல்லிவிட்டு நடந்தார். மூலைக் கடைக்குப் போய் ஒரு சிவப்புக் காரை எடுத்தார்.

ஒன்பதாவது நாள், மார்க்கெட்டுக்கு இறங்குகிற சரிவில், பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போயிருக்கிறது. யாரையும் இடிக்கக் கூடாது என்று வண்டியைச் சுவரில் விட்டிருக்கிறார். வலது கால் கணுக்காலுக்கு மேலே இரண்டு துண்டு. கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். தையல் மெஷினை மிதிக்கிற கால் அது.

நான் போய்ப் பார்த்தேன். நீயும் போய்ப் பார்.

இரண்டு மாதமாக என்னைக் கேட்டாயே, இப்போது நான் கேட்கிறேன். அந்தம்மாவிடம் 'முங்கின வண்டி' என்று சொல்லும்போது, நீலக் கார் தண்ணீரில் மூழ்கவே இல்லை என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? வழவழா கொழகொழா என்று எழுதாதே. என் வீட்டிலும் சிவப்புப் பேனா இருக்கிறது.

தம்பி


மே 27

தம்பிக்கு,

தெரியும்.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு மண்ணைப் பார்த்து ஏமாந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நாலு நாள் அப்படி ஒரு கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன். 'மண் இருந்தது, பயந்துபோய்ச் சொன்னேன், யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.' படித்துப் பார்த்தால் மார்ச் மாதம் நீ எனக்கு எழுதிய கடிதம் மாதிரியே இருந்தது.

நடந்தது இதுதான். சீட்டுக்கு அடியில் மண் கிடைத்தது. அந்தம்மா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு கறை இல்லை. சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தடவினேன், துரு இல்லை. கண்ணாடிக்காரர் சொல்லிக் கொடுத்த அத்தனையும் 'இது நல்ல வண்டி' என்று சொன்னது. அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியில் உன் கையெழுத்தில் 'குறை எதுவும் இல்லை'. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை ஏமாற்றியவன், ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளாதவன், யோக்கியன் மாதிரி போர்டு போட்டு விற்கிறான், ஊரும் வாங்குகிறது என்று நினைத்தேன். பெல்ட்டை விட்டேன், அது உள்ளே போய்விட்டது. மண்ணை எடுத்து அந்தம்மாவிடம் காட்டினேன். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. சொல்லும்போது உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர், "வாங்க, உட்காருங்க. உங்க பேச்சைக் கேட்டு அந்த முங்கின வண்டியிலேருந்து தப்பிச்சேன், இதுல மாட்டிக்கிட்டேன். என் நேரம்" என்றார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டை இழுத்துப் பார்த்ததையும் சொன்னேன்.

அப்புறம் கேட்டார்: "உங்க தம்பி மேல இருக்கற கோபத்துக்கு என் கால்தான் கிடைச்சுதா?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். "அதை வெச்சு நான் என்ன பண்றது? மெஷினை மிதிக்க முடியுமா?" என்றார். செலவை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "பேசாதீங்க. நான் சொல்றதைச் செய்யுங்க. அந்த நீலக் காரை நீங்க வாங்குங்க. கால் சரியாகற வரைக்கும் வாரத்துல மூணு நாள் என்னைச் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போகணும், மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடணும். அதுலதான் வருவேன், வேற வண்டியில வர மாட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதே வாசல்ல வண்டியை நிறுத்துங்க. வர்றவங்ககிட்ட இது நல்ல வண்டி, தெரிஞ்சே பொய் சொன்னேன்னு சொல்லுங்க. நான் பின்சீட்டுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்."

பழிவாங்குவது எப்படி என்று நான்தான் உனக்குக் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா படுத்துக்கொண்டே காட்டிவிட்டார்.

வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். நீலக் காரை யாருக்கும் கொடுத்துவிடாதே. என்ன விலை என்று எழுது, ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே. குறைத்தால் அதுவும் உன் தேன்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

நீ கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டு எண்பத்தைந்து நாள் ஆகிறது. உன்னை நான் விட்டுவிட்டதாக நினைக்காதே.

அக்கா


ஜூன் 3

அக்கா,

நீலக் காரின் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. விலை பின்பக்கம் எழுதியிருக்கிறேன், குறைக்கவில்லை. வண்டியில் குறை என்று எதுவும் இல்லை. பின்சீட்டைத் தட்டினால் இன்னும் கொஞ்சம் களிமண் வரும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு யார்டின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். நீ மாட்டிக்கொண்டாய் என்று சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் அந்தக் கேள்வியை உனக்குத் திருப்பி அனுப்பினேன். முதல் வரியைப் படித்ததும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மீதியைப் படித்தபிறகு இல்லை.

எனக்கும் தெரியும். ஏலத்தில் எடுத்த அன்றே தெரியும். டாக்டர், ஏஜென்ட், சத்தியம் எல்லாம் நானே கட்டிய கதை. சீட்டைக் கழற்றிக் கழுவியது நான். மூன்று நாள் வெயிலில் காயவைத்தது நான். கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த வண்டலை, யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டதும் நான். சீட் பெல்ட்டைச் சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன், அந்தக் கோடு போகவில்லை. அதை உள்ளே விட்டுவிட்டு, நீ வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு இன்ஜினை ஓடவிட்டேன்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் இதுவும் பூசி மெழுகினதுதான். அந்த மாதம் அப்படி ஒரு கார் கேட்டு என்னிடம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. வண்டி ஒரு தடவை நின்றால் மறுநாளே நோட்டீஸ் வரும். இன்னொருவர் லாரி செட் வைத்திருக்கிறவர். அவர் நோட்டீஸ் எல்லாம் அனுப்ப மாட்டார், ஆளோடு வருவார். மூன்றாவது நீ. வண்டி நிற்கும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நின்றால் இந்த மூன்று பேரில் யார் என்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். நீ என் அக்கா, திட்டிவிட்டு விட்டுவிடுவாய் என்று நினைத்துத்தான் அதை உனக்குக் கொடுத்தேன்.

தம்பி